பொறுக்குமா அது?

அந்தக் கேள்வியை அக்கா எப்படிக் கேட்டார் என்று நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இவ கல்யாணம் முடியட்டும் தம்பி. அதுவரைக்கும் பொறுக்குமா அது?" இவ்வளவுதான். அந்த 'அது' மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போட வேண்டிய மனுவா, போலீஸ் அடித்து மகன் முதுகில் இருந்த காயமா, தெருவில் கொதித்துக் கிடந்த கோபமா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. "பொறுக்கும்க்கா, அவசரமில்லை" என்றேன். டீ ஆறிப்போயிருந்தது, ஒரே மடக்கில் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அவசரம் இருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரியும். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1993, பிரிவு 36(2). சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆணையம் அதை விசாரிக்கக் கூடாது. பயிற்சி வகுப்புகளில் நானே போர்டில் எழுதி அடிக்கோடு போடுகிற பிரிவு.

அக்காவின் பையனுக்கு அப்போது 19 வயது. காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் பித்தளைச் சாமான்களுக்குப் புளி போட்டுத் தேய்க்கிற வேலை. பக்கத்து ஊரில் வருடத்தில் பத்து நாள்கூடத் திறக்காத ஒரு பெரிய வீட்டில் எனாமல் தூக்குகளும் இரண்டு குத்துவிளக்கும் காணவில்லை என்று வாட்ச்மேன் சொல்ல, பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறவன், அதுவும் அந்தத் தெருக்காரன், வேறு என்ன வேண்டும், 2022 ஜூலை 11-ம் தேதி சாயங்காலம் போலீஸ்காரர்கள் கூட்டிப் போய்விட்டார்கள். இரண்டு ராத்திரி. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, கைது செய்தால் குறிப்பாணை எழுதி வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று 1996-லேயே டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொல்லிவைத்திருக்கிறது. ஆனால் இவனைத்தான் கைதே செய்யவில்லையே, 'கூப்பிட்டு விசாரிச்சோம்' அவ்வளவுதானே. மூன்றாம் நாள் விஷயம் வெளியே வந்தது. அந்த வீட்டில் பங்காளிகள் எட்டுப் பேர். அதில் ஒருவர் தன் பங்கு என்று வேன் வைத்துச் சாமான்களைச் சென்னைக்கு எடுத்துப் போயிருக்கிறார், மற்ற ஏழு பேருக்கும் சொல்லவில்லை. திருட்டே இல்லை. எப்.ஐ.ஆர் இல்லை, புகார் வந்ததற்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர் ரசீதுகூட இல்லை. பையனுக்கு மட்டும் உட்கார முடியவில்லை.

அரசு மருத்துவமனைக்குப் போனபோது கூடவே ஒரு போலீஸ்காரரும் நின்றிருக்கிறார். டாக்டர் கேட்டதும் கீழே விழுந்துவிட்டேன் என்று பையன் சொல்லிவிட்டான். ஏ.ஆர் காப்பியில், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகலில், அதுதான் இருக்கிறது. அந்த வரியைப் பார்த்தபோதே இது கஷ்டமான கேஸ் என்று எனக்குத் தோன்றியது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்லப்போகும் பெரிய பெரிய நியாயங்களுக்கு அடியில் இதுவும் கிடந்திருக்கலாம்.

நான் இருப்பது மாநிலம் முழுக்க ஆட்கள் வைத்திருக்கிற ஒரு மனித உரிமைக் கூட்டமைப்பில். சிவகங்கை மாவட்டத்துக்கு நான். டிசம்பர் 10 மனித உரிமை நாள், ஜூன் 26 சித்திரவதைக்கு எதிரான நாள் என்று வருடத்துக்கு இரண்டு முறை மதுரையில் கூடுவோம். அங்கே திரும்பத் திரும்பப் பேசுவது மக்கள் பங்கேற்பு. பாதிக்கப்பட்டவர் முன்னால் நிற்க வேண்டும், நாம் பின்னால் நிற்க வேண்டும், அவர்கள் வாயை நாம் வாடகைக்கு எடுக்கக் கூடாது. நான் அதை நம்புகிறவன். அதே கூட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாவட்ட வாரியாக எத்தனை மனு போட்டீர்கள் என்று கணக்கும் கேட்பார்கள், அது வேறு.

நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. 2017-ல் ஒரு குடும்பத்தை நான் கிட்டத்தட்டக் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தேன். ஆணையம் மதுரையில் முகாம் அமர்வு நடத்தியபோது அந்த மனிதர் சாட்சி சொன்னார், நன்றாகவே சொன்னார். இழப்பீடு தரச் சொல்லி உத்தரவும் வந்தது. அதற்குள் ஊரில் அவருக்கு வேலை கொடுக்க ஆளில்லாமல் போய், குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். உத்தரவு நகலைக் கொடுக்க நான் அங்கே போனேன். வாங்கி டிவி மேல் வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். மாநிலக் கூட்டத்தில் அது வெற்றிக் கதை, நானே மேடையில் சொல்லியிருக்கிறேன், டிவி மேல் வைத்ததைச் சொன்னதில்லை.

அதனால் இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று இருந்தேன். தெருப் பிள்ளையார் கோயில் திட்டில் உட்கார்ந்து பேசினோம். மகளிர் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், இரண்டு பெரியவர்கள், அக்கா, அக்காவின் தம்பி. ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர், ஏற்கெனவே 'பேசி முடிச்சிருவோம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய வீட்டு ஆச்சி சென்னையிலிருந்து வந்து அக்கா கையைப் பிடித்து அழுது 25,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு வேலை கல்யாண வீட்டுச் சமையல் கோஷ்டியில் பாத்திரம் கழுவுவது. முகூர்த்த மாதங்களில் வெளியூர்ச் செட்டியார்கள் சொந்த வீட்டைத் திறந்து கல்யாணம் வைத்தால்தான் அவருக்கு வருமானம். மனு போட்டால் எந்தக் கோஷ்டி கூப்பிடும்?

மகளிர் குழுவில் ஒரு பெண் மட்டும் போடத்தான் வேண்டும் என்றார். இன்னொருவர் கச்சநத்தத்தைச் சொன்னார். இதே மாவட்டத்தில் இருக்கிற அந்த ஊரில் 2018 மே மாதம் சாதி வெறியில் தலித்துகள் மூன்று பேரைக் கொன்றார்கள், அப்போது அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது, தீர்ப்பு வந்து 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது ஆகஸ்டில்தான். கொலைக்கே இப்படி என்றால் அடிக்கு என்ன என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள், தையில் கல்யாணம்.

தை என்றால் ஆறு மாதம். அப்போது நான் சொன்னதில் தப்பில்லை என்று இப்போதும் என்னால் வாதாட முடியும். தையில் முடிந்திருந்தால் இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருந்திருக்கும். தேதி சொல்லியிருந்தால் அது கழுத்தில் கத்தி வைத்த மாதிரி, முடிவு அவர்களுடையதாக இருக்காது. யோசித்துத்தான் சொல்லாமல் விட்டேன்.

மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்யாணம் தள்ளிப்போனது. பிறகு ஆடி குறுக்கே வந்தது. ஆவணி என்று முடிவானது. என் டைரியில் 2023 ஜூலை 10-க்கு நேரே ஒரு வட்டம் மட்டும் இருந்தது, பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், ஜூன் 26 சித்திரவதைக்கு எதிரான நாள் நோட்டீஸ் கொடுக்க அந்தத் தெருவுக்கே போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் பத்திரிகை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குன்றக்குடியில் கல்யாணம், கண்டிப்பாக வரணும் என்றார். என் இடது கையில் சித்திரவதை ஒழிப்பு நோட்டீஸ் கட்டு. வலது கையால் பத்திரிகையை வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கையெழுத்து மட்டும் இப்போது போடுங்கள், தாள் என்னிடம் இருக்கட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், பாதிக்கப்பட்டவர் சார்பில் யார் வேண்டுமானாலும் மனு போடலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது, நானே என் பெயரில் போட்டிருக்கலாம். அவர்களுக்குத் தெரியாமல் போட்டால் பங்கேற்பு என்னாவது என்று அன்றைக்கு நினைத்தேனா, இல்லை இப்போது நினைக்கிறேனா, சத்தியமாகத் தெரியவில்லை.

செப்டம்பரில் அக்காவே போன் செய்தார். "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது தம்பி. இப்பப் போடலாம். நான் போடுறேன் கையெழுத்து." குரலில் ஒரு தெம்பு. பதினான்கு மாதம் அதைச் சேர்த்துவைத்திருந்திருக்கிறார்.

நேரில் போய்ச் சொன்னேன். பிரிவு நம்பரையும் சொன்னேன், என்ன அபத்தம், அந்த இடத்தில் பிரிவு நம்பர். அக்கா கத்தவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"தேதி இருந்தா சொல்லியிருக்கலாம்ல தம்பி. கரண்டு பில்லுக்கே கடைசித் தேதி போட்டுத்தான் தர்றாங்க."

உங்களை நெருக்கக் கூடாது என்றுதான், என்று இழுத்தேன்.

"நெருக்காத ஆளு யாரு இருக்கா? எல்லாரும்தான் நெருக்குறாங்க. நீங்களும் ஒரு பக்கம் நெருக்கியிருந்தா நான் எந்தப் பக்கம் சாயணும்னு பாத்திருப்பேன்."

இதற்கு நான் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் சொல்வது பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நெருக்கிய குடும்பம் திருப்பூரில் இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குத் தேதி தெரிந்திருந்தது. இவருக்குத் தெரியாது. தெரியாமல் எடுத்த முடிவை 'சமூகத்தின் முடிவு' என்று காலாண்டு அறிக்கையில் எழுதியவன் நான், 'குடும்பத்தினர் தற்சமயம் மனு அளிக்க விரும்பவில்லை' என்று, அழகான வாக்கியம்.

மனு போடத்தான் செய்தோம். தாமதத்துக்குக் காரணம் எழுதி, பயத்தைக் காரணமாகச் சொல்லி, சென்னை கிரீன்வேஸ் சாலை முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். காலம் கடந்தது என்று முடித்துவைத்துக் கடிதம் வந்தது. மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது, எங்கள் வக்கீல் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார், ஏ.ஆர் காப்பியைப் பார்த்ததும் அவர் குரலும் இறங்கிவிட்டது. ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னபோது நாங்கள் மதுரை அலுவலகத்தில் கேக் வெட்டினோம். கட்டுப்படுத்தும்தான், உள்ளே போனால்.

இதை எழுத ஆரம்பித்தபோது அக்காவுக்கும் எனக்கும் நடந்த பேச்சைத்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் பிள்ளையார் கோயில் திட்டை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் பையன் ஞாபகத்துக்கு வருகிறான். உட்கார முடியாமல் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பத்துப் பதினைந்து பேர் பேசினோம். அடி வாங்கியவன் அவன். மேஜர். மனுவில் கையெழுத்துப் போட வேண்டியதே அவன்தான். அவனிடம் நீ என்னப்பா சொல்றே என்று யாரும் கேட்கவில்லை, அம்மாவைத்தான் கேட்டோம், நானும் அம்மாவைத்தான் கேட்டேன். அக்காவிடம் தேதி சொல்லாததை வைத்து இத்தனை பக்கம் குமைந்துகொண்டிருக்கிறேன், அவனைக் கேட்கவே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். கப்பல் பட்டறையில் வேலை என்று அக்கா சொன்னார். நம்பர் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

2025 ஜூன் கடைசியில் இதே மாவட்டத்தில், மடப்புரத்தில், நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி போலீஸ் காவலில் இறந்தபோது நாங்கள் எல்லோரும் திருப்புவனம் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தோம். வழக்கு சிபிஐக்குப் போனது. அந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி அக்கா போன் செய்தார். "டிவி பாத்தீங்களா தம்பி?" பார்த்தேன்க்கா என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நான் எங்கே போனாலும் முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன். பேர் கேட்பதற்கு முன்னால் சம்பவத் தேதி, அதிலிருந்து ஒரு வருடம், கடைசி நாள் இது. போன மாதம் புதுவயல் பக்கம் ஒருவரிடம் அப்படித்தான் சொன்னேன். பதினோரு நாள்தான் மிச்சம் இருந்தது. அவர் மனைவி, "தேதியச் சொல்லி மிரட்டுறீங்களா சார்?" என்றார். கணவர் எதுவும் பேசாமல் தாளை வாங்கி மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

மறுநாள் அனுப்பியிருக்க வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு அவர் கூப்பிட்டார். "அந்தத் தாள அனுப்பிட்டீங்களா சார்?"

அனுப்பியிருக்க வேண்டும் என்று கேட்கிறாரா, அனுப்பியிருக்கக் கூடாதே என்று கேட்கிறாரா, குரலை வைத்து எனக்குப் பிடிபடவில்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டேன். "அனுப்பவா, வேணாமாண்ணே?"

"நீங்கதான் சொல்லணும்" என்றார்.