6000 கொடுத்தால் 2000 கேட்ட கதை

வயர் இல்லாமல் பேச்சை அனுப்ப நான் செய்த சர்க்யூட்டில் ஒருவழியாகக் குரல் சுத்தமாக வருகிறது. வில்லாபுரத்தில் எங்கள் மாடியில் மைக், கீழே சமையலறையில் ஸ்பீக்கர். நடுவில் ஆர்டுயினோ நானோ போர்டு இரண்டு, என்ஆர்எஃப்24 ரேடியோ மாட்யூல் இரண்டு. குரல் அலையை நொடிக்கு 8000 முறை அளந்து சாம்பிள் எடுக்கிறேன், ஒவ்வொன்றும் 8 பிட். ஆக நொடிக்கு 64 கிலோபிட், பழைய லேண்ட்லைன் எக்சேஞ்சின் அதே கணக்கு. 32 பைட் பாக்கெட்டில் 4 மில்லிசெகண்ட் பேச்சு போகிறது.

உயிரை எடுத்தது, அலையை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு முன்னால் வரும் ஃபில்டர்தான். உச்ச சுருதிகளை வெட்டுவது அதன் வேலை. அது இல்லாமல் 'சித்திரைத் திருவிழா' என்று சொன்னால், 'சி' வரும் இடத்தில் காது கூசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஃபில்டர் இல்லாமல், போனில் ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் டோன் ஆப் போட்டு மைக் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், வேடிக்கை தெரியும். சாம்பிள் கணக்கில் பாதி, அதாவது 4000 ஹெர்ட்ஸ் வரை சுருதி ஏறும். அதற்கு மேல் நாம் ஏற்ற ஏற்ற ஸ்பீக்கரில் இறங்கும்! 6000 கொடுத்தால் 2000, 7500 கொடுத்தால் 500. இப்படிக் கலந்ததை அப்புறம் கோடில் பிரிக்கவே முடியாது.

ஒரு ரெசிஸ்டர், ஒரு கப்பாசிட்டர் எல்லாம் இதற்குக் காணாது. ஆப்-ஆம்ப் சிப் வைத்துச் செய்யும் சாலன்-கீ ஃபில்டர் இரண்டு அடுக்கு போட்டேன்: ஒவ்வொன்றிலும் 3.3 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டு, 0.022 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று, 0.01 ஒன்று. 3250 ஹெர்ட்ஸ் வாக்கில் வெட்ட ஆரம்பித்து, ஆக்டேவுக்கு 24 டெசிபெல் இறங்குகிறது. குரலில் லேசான மங்கல் உண்டு. கரகரப்புக்கு அது எவ்வளவோ தேவலை.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் அதற்கான ஆப்-ஆம்ப் எம்சிபி6002 கேட்டால், "இதுவும் அதேதான் சார்" என்று எல்எம்358ஐ நீட்டினார்கள். அதேவா? 5 வோல்ட்டில் அதன் அவுட்புட் 3.5ஐத் தாண்டாது, சத்தமாகப் பேசினால் அலையின் மேல்முனை மழுங்கிவிடும். ஆன்லைனில்தான் வாங்கினேன். கப்பாசிட்டர் பாலியஸ்டராகக் கேட்டு வாங்குங்கள். மலிவு செராமிக்கில் 103 (அதாவது 0.01 மைக்ரோஃபாரட்) என்று எழுதியிருப்பதை நம்பி கணக்குப் போட முடியாது.

அடுத்து, சின்னச் சத்தத்தை நுணுக்கமாகப் பதியும் ஏ-லா முறையைச் செய்ய வேண்டும், மெதுவாகப் பேசினால் 8 பிட்டில் இரைச்சல் தெரிகிறது. அதற்குள் மனசு, வெகுதூரம் போகும் ஆனால் வேகம் குறைந்த லோரா ரேடியோவுக்குத் தாவிவிட்டது. மேலூர்ப் பக்கம் மாமா கிணற்று மோட்டார் சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்க ஆசை. லோராவில் 64 கிலோபிட் ஏறாது. பேச்சைச் சுருக்கும் கோடெக்2 மென்பொருள் வைத்து நொடிக்கு 1200 பிட்டுக்குக் கொண்டுவரலாம், மோட்டார் சத்தம் அதில் என்ன ஆகுமோ! நானோவுக்கு அந்த வேலை தாங்காது என்று அதைவிட வேகமான இஎஸ்பி32 போர்டும், 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா மாட்யூலும் ஆர்டர் போட்டாச்சு. ஃபில்டர் இன்னும் பிரெட்போர்டில்தான் இருக்கிறது.