கோரையாற்றின் வழியே அலையாத்திக் காட்டுக்கு

நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பு என்றோர் இடம் இருக்கிறது. கல்லணையில் காவிரியைப் பிரிந்து வரும் வெண்ணாறு, அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு என மூன்றாகப் பிரிகிறது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து நேராகப் படகுத்துறைக்குச் சென்றுவிடுகிறார்கள். நான் இம்முறை மூணாறு தலைப்பிலிருந்து புறப்பட்டு, மன்னார்குடி வழியாகத் தெற்கே இறங்கி, ஆறு கடலைச் சேரும் இடம்வரை போக விரும்பினேன். அந்தக் காடு நலிந்ததற்கான காரணங்களில் பாதி கடலோரத்தில் இல்லை, இந்த ஆறுகளில்தான் இருக்கிறது என்று பல காலமாகப் படித்தும் கேட்டும் வந்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

தை மாதக் கடைசி. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமாதலால், ஆறுகளில் நீர் வடியத் தொடங்கியிருந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் அறுவடை இயந்திரங்களும் நெல் குவித்த களங்களும் தென்பட்டன. தெற்கே செல்லச் செல்ல வயல்கள் குறைந்து, தென்னந்தோப்புகள் கூடி, பிறகு அவையும் குறைந்து, கருவேல மரங்களும் இறால் பண்ணைகளும் தொடங்கின. கடைமடைப் பகுதிக்கு வந்துவிட்டோம் என்பதை மண்ணின் நிறமே சொல்லியது.

இறால் பண்ணைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1990-களில் இக்கடலோரம் முழுவதும் அவை பெருகியபோது, சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது. நிலமற்ற உழவர்களுக்காக வாழ்நாள் முழுவதும் நடந்த ஒரு மனிதர், முதிய வயதில் உப்பேறிய மண்ணுக்காகவும் நீதிமன்றப் படியேறினார் என்பதை இவ்வழியே போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் வந்தது, பண்ணைகளும் தொடர்ந்தன.

முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையிலிருந்து படகில் கோரையாற்றில் இறங்கினோம். வனத்துறையின் அனுமதியை முன்பே பெற்றிருந்தேன். படகோட்டிய அண்ணன் மீனவர். சிறு வயதிலிருந்து இதே ஆற்றில் மடவையும் நண்டும் பிடித்து வருபவர். முதல் சில கிலோமீட்டருக்கு ஆற்றின் இரு கரையிலும் அலையாத்திக் காட்டுக்குரிய கண்டல் மரங்கள் அடர்ந்து நின்றன. நீர்க்காகங்களும் கொக்குகளும் கிளைகளில் அமர்ந்திருந்தன. பாமனியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, வளவனாறு ஆகியவை இந்தக் காட்டின் ஊடாகவே லகூனில், அதாவது கடலோடு இணைந்த ஆழமற்ற காயலில், கலக்கின்றன. காப்புக்காடாக உள்ள பரப்பு ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். ஆனால் அதில் அடர்ந்த மரங்கள் நிற்பது ஒரு சிறு பகுதியில்தான். மீதியெல்லாம் லகூன், சேற்றுவெளி, உப்பு பூத்த வெறுந்தரை.

வனத்துறை அமைத்துள்ள மர நடைபாதையில் ஏறிக் காட்டுக்குள் சிறிது தூரம் நடந்தேன். இங்குள்ள மரங்களில் மிகப் பெரும்பான்மை வெண்கண்டல் என்னும் ஒரே இனம். அதன் இலை ஒன்றைப் பிடித்து வெயிலில் திருப்பினால் மேற்பரப்பில் உப்புத் துகள்கள் மினுங்குகின்றன. வேர் உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடும் மரம் அது. விரலால் தடவி நாவில் வைத்துப் பார்த்தேன், நல்ல கரிப்பு. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரலளவு உயரத்துக்கு மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களுக்கு இடையில், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் வளைக்கு வெளியே வந்து நின்று, எங்கள் நிழல் பட்டதும் மறைந்தன. வேர்களைச் சுற்றி மென்மையான வண்டல் படிந்திருந்தது. அலையின் வேகத்தைக் குறைத்து, ஆறு கொண்டுவரும் வண்டலைப் பிடித்து வைத்து, கரை அரிக்கப்படாமல் காக்கும் வேலை இந்த வேர்களுக்கு இடையில்தான் நடக்கிறது. மரம் போனால் வண்டல் நிற்காது. வண்டல் நிற்காவிட்டால் கரையும் நிற்காது.

அங்கிருந்து படகு லகூனுக்குள் நுழைந்து, பின்னர் மேற்குப் பக்கமாக ஒரு கழியில் திரும்பியது. அங்கே பார்த்ததுதான் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு பக்கம் இடுப்பளவும் தலையளவுமாக இளம் கண்டல் மரங்கள். அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளுத்த தரை. அதில் ஆங்காங்கே செம்மை படர்ந்த உமிரிச் செடிகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்த வெறுந்தரை இயற்கையாக உண்டானதன்று. ஆங்கிலேயர் காலத்திலிருந்து, விடுதலைக்குப் பின்னும் சில பத்தாண்டுகள் வரை, இக்காடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முற்றாக வெட்டி விறகுக்கு விற்றார்கள். வெட்டிய இடத்தில் மரம் தானே தழைத்துவிடும் என்று கணக்கிட்டார்கள். நடந்தது வேறு. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து, சுருங்கி, சுற்றியுள்ள தரையைவிடச் சற்றே தாழ்ந்தது. கடல்மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வதை ஓதம் என்பார்கள். இக்கடலோரத்தில் ஓதத்தின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே சில அங்குலத் தாழ்வே போதும், ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியே போக முடியாமல் தேங்கிவிடும். தேங்கிய நீர் ஆவியாகும். உப்பு மட்டும் தங்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்தப் பள்ளங்களில் கோடையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்குகூட உப்பு ஏறும். கண்டல் விதை அதில் முளைப்பதில்லை. 1952-ஆம் ஆண்டுப் புயல் சாய்த்த மரங்களின் இடமும் இப்படித்தான் வெறுமையாயிற்று.

இதைப் புரிந்துகொள்ளாமல், வெறுந்தரையைக் கண்ட இடமெல்லாம் கன்று நட்டுப் பார்த்தவர்கள் தோற்றார்கள். 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இணைந்து பிச்சாவரத்திலும் பின்னர் முத்துப்பேட்டையிலும் செய்தது எளிய, ஆனால் கடும் உழைப்பைக் கேட்கும் காரியம்: இயற்கையான கழியிலிருந்து வெறுந்தரைக்குள் சாய்வாக முதன்மை வாய்க்கால்களை வெட்டி, அவற்றிலிருந்து இருபுறமும் கிளை வாய்க்கால்களைப் பிரித்து, ஓதநீர் உள்ளே வந்து அதே வேகத்தில் வெளியேற வழி செய்தார்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரிவதால் அதற்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. ஓதம் நாள்தோறும் ஏறி இறங்க, வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கழுவ, மண்ணின் உப்பு குறைந்தபின்னரே வாய்க்கால் கரைகளில் விதைகளை ஊன்றினார்கள். பிச்சாவரத்தில் 1986-க்கும் 2002-க்கும் இடையே காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

வாய்க்கால் வெட்டுவது முத்துப்பேட்டைக்குப் புதிதன்று. இங்குள்ள மீனவர்கள் லகூனிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தோடு உள்ளே வரும் மீனை வற்றத்தில் பிடிப்பதை நெடுங்காலமாகச் செய்து வந்தவர்கள். அந்த வாய்க்கால் கரைகளிலும் கண்டல் செழித்து வளர்ந்திருந்ததைப் படகோட்டி அண்ணன் எனக்குக் காட்டினார். "தண்ணி நிக்கக் கூடாது தம்பி. ஏறணும், எறங்கணும். நின்னுச்சுன்னா உப்பாப் போயிரும்" என்றார். நான் படித்த அத்தனை அறிக்கைகளும் இதைத்தான் சொல்கின்றன.

கரையில், வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போன அம்மா ஒருவரைச் சந்தித்தேன். இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் வெட்டி, மண்ணைக் கை மாற்றிக் கை மாற்றிக் கரையேற்றியதை விவரித்தார். அவர் சொன்னதில் ஒன்றை, இத்திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவோர் அனைவரும் கேட்க வேண்டும்: "வெட்டுனா மட்டும் பத்தாது தம்பி. வருசா வருசம் தூர் எடுக்கணும். எடுக்கலன்னா ரெண்டு மழையில மூடிக்கும்." வாய்க்கால் தூர்ந்துபோன ஒரு பகுதியை நான் அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். மூன்று ஆண்டுக்கு நிதி ஒதுக்கி, கன்று நடும் விழாவைப் படமெடுத்து, கணக்கை முடித்துவிடும் முறை இந்தக் காட்டுக்கு ஒத்துவராது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிட, எத்தனை வாய்க்காலில் இன்றும் நீர் ஏறி இறங்குகிறது என்ற கணக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் இந்தக் காட்டையும் கடுமையாகத் தாக்கியது. முறிந்தவை ஒருபுறம், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற நிலையிலேயே பட்டுப்போனவை இன்னொரு புறம். சாம்பல் நிறத்தில் அந்த மரங்கள் சில இப்போதும் நிற்கின்றன. அவற்றின் அடியில், நீரோட்டம் உள்ள இடங்களில் மட்டும், புதுக் கன்றுகள் தாமாகவே முளைத்திருந்தன. புயலுக்குப் பின்னும் காடு தானே எழும். நீர் வர வேண்டும், அவ்வளவுதான்.

கடலிலிருந்து வரும் நீருக்கு வாய்க்கால் வெட்டியாயிற்று. ஆற்றிலிருந்து வரவேண்டிய நீர்? இதுவே நான் மூணாறு தலைப்பிலிருந்து புறப்பட்டதற்குக் காரணம். 1934-இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பின், அதற்கு மேலே கர்நாடகத்திலும் அணைகள் எழுந்த பின், டெல்டாவுக்கு வரும் நீரும் அதோடு வரும் வண்டலும் குறைந்துவிட்டன. காவிரியின் வண்டலால் உருவான நிலம் இது. அந்த வண்டல் அணைகளின் அடியில் தங்கிவிட, கடலோரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வழியின்றி நிற்கிறது. நன்னீர் குறைந்ததால்தான் உப்பை நன்கு தாங்கும் வெண்கண்டல் மட்டும் இங்கே மிஞ்சி, சுரபுன்னை போன்ற பிற அலையாத்தி இனங்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. லகூனின் முகத்துவாரத்திலும் மணல் மூடுகிறது. ஆற்றில் வெள்ளம் வந்து தள்ளினால்தான் அது திறந்திருக்கும்.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டிஎம்சி நீரைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சியும், தவிர்க்க இயலாமல் கடலுக்குப் போகும் நீராக 4 டிஎம்சியும் ஒதுக்கியது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் மாநிலப் பங்குகளை மாற்றியபோதும் இதை மாற்றவில்லை. ஆனால் நம் நாளிதழ்களில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் "காவிரி நீர் கடலில் வீணாகக் கலக்கிறது" என்றே எழுதுகிறார்கள். உழவர்களின் தவிப்பை நான் அறிவேன். கடைமடையில் பயிர் காயும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆயினும் கோரையாற்றின் கடைசியில் படகில் அமர்ந்து பார்த்தவர்கள் அந்தச் சொல்லை எழுத மாட்டார்கள். அந்த நீரை நம்பித்தான் கண்டல் விதை முளைக்கிறது, இறால் குஞ்சு வளர்கிறது, கடல் உள்ளே புகாமல் இந்தக் கரை நிற்கிறது. கடைமடை வயல்களுக்கு உப்பு ஏறாமல் இருப்பதும் இதனால்தான். உழவரின் நலனும் காட்டின் நலனும் இங்கே ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

போக விரும்புவோருக்கு: திருவாரூர் – காரைக்குடி ரயில் பாதையில் முத்துப்பேட்டை நிலையம் இருக்கிறது. பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி இரு ஊர்களிலிருந்தும் பேருந்துகள் உண்டு. வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும். நெகிழிப் பை எதையும் படகில் எடுத்துச் செல்ல வேண்டாம். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் முன், தை, மாசி மாதங்கள் ஏற்றவை. வலசைப் பறவைகளையும் பார்க்கலாம். நடைபாதையோடு திரும்பிவிடாமல், மறுசீரமைப்பு நடந்த வாய்க்கால்களைக் காட்டுமாறு படகோட்டியிடம் கேளுங்கள். ஏற்றத்தின்போது ஒருமுறையும் வற்றத்தின்போது ஒருமுறையுமாகப் பார்க்க முடிந்தால், எந்த வாய்க்காலில் ஓட்டம் இருக்கிறது, எது தூர்ந்து கிடக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.