சீமைக்கருவை: தூர் எடுக்காத வெட்டு வீண்

கோடையில் காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரத்துக் கண்மாய்கள் வற்றியதும் கருவை வெட்டு தொடங்கிவிடும். ஏலம் எடுத்தவர் தரைமட்டத்துக்கு அறுத்து, கரிமூட்டத்துக்கு ஏற்றிப் போவார். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து கிளை வெடித்து, ஒற்றை மரம் நின்ற இடத்தில் புதர் மண்டும். மூட்டக்காரருக்கு அது மறு வெள்ளாமை. ஏலப் பத்திரத்திலேயே ‘தூரோடு’, அதாவது மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டையோடு, என்று எழுதாத ஊர் நாலு வருஷத்தில் மறுபடி ஏலம் விடும்.

தண்டும் வேரும் சேரும் தூர்க்கட்டையில், தரைக்குக் கீழே ஏறக்குறைய ஓரடி வரை தளிர்க்கும் மொட்டுகள் உண்டு. அதற்கும் கீழே போய் வேரை அறுக்க வேண்டும். மிச்ச ஆணிவேர் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் கிடக்கட்டும். பெரிய மரத்தை அறுக்காமல் நின்றபடியே ஜேசிபியால் தள்ளுங்கள். தண்டின் நெம்பிலேயே தூர் கிளம்பும். அறுத்துவிட்டு அப்புறம் தோண்டுவது இரட்டைச் செலவு.

கரையில் நிற்கும் மரத்துக்கு இந்த முறை ஆகாது. ஜேசிபி பறித்த குழியை அப்படியே மூடினால் கண்மாய் பெருகும்போது அங்கேதான் கசியும், உடையவும் செய்யும். கடப்பாரையால் அளவாகத் தோண்டி எடுத்து, அரையடி அரையடியாக மண் போட்டு, நீர் தெளித்து இடித்துக் கெட்டியாக்க வேண்டும். ஊரணியில் தூரைப் பட்டுப்போக வைக்கும் டீசல், உப்பு வைத்தியமெல்லாம் வேண்டாம், குடிக்கிற தண்ணீர்.

நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள், அதுதான் கொடுமை. அதன் பூ மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடுங்கி மணிமாலைபோல் தொங்கும். சீமைக்கருவையின் பூ நீளக் கதிர். காய் இடுங்காமல் தட்டையாக, பழுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்கும்.

அந்த நெற்று இனிப்பு. ஆடுமாடு தின்றால் விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து சுலபமாக முளைக்கும். எனவே நெற்று முற்றி உதிருமுன் வேலையை முடிப்பது நல்லது. தீவனமாக்குவதென்றால் காயவைத்து, விதை நொறுங்க அரைத்துக் கொடுங்கள். வயலில் ஆட்டுக்கிடை போடுபவர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

மண்ணில் தங்கிய விதை பல வருஷம் கிடந்து முளைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கன்றுகளைத் தேடிப் பிடுங்குங்கள். ஈரத்தில் கையோடு வரும்; தை பிறந்து மண் இறுகினால் மண்வெட்டிதான். பிடுங்கிய பின் தண்டு ஒடிந்து வேர் உள்ளே நின்றதா என்று பாருங்கள், நின்றால் தோண்டுங்கள். கனமான பூட்ஸ் போடுங்கள். இந்த முள் டிராக்டர் டயரையே பதம் பார்க்கும்.