பத்து லாரிக்கு ஒரு கிராம்

"ஏனுங்ணா, ரிப்போர்ட் வந்துருச்சுங்க. ரெண்டு மருந்து நிக்குதுங்க."

கொள்முதல் பார்க்கிற தம்பி போனில் இதைச் சொன்ன நேரம் தோட்டத்தில் ஆள் இறங்கியாயிற்று. எட்டுப் பேர், அரிவாளோடு. முதல் வரிசையில் பாதி வெட்டிக் கட்டும் போட்டுவிட்டார்கள். நிறுத்தச் சொல்லவும் மனசில்லை, வெட்டச் சொல்லவும் வாய் வரவில்லை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காரமடைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர் கறிவேப்பிலை. செங்காம்பு ரகம், ஐயன் காலத்தில் வைத்தது. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு வெட்டு. ஏற்றுமதிக்கு எடுக்கிறவர் ஒருவர் உள்ளூர் வியாபாரியைவிடக் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடத் தருகிறேன் என்றார். வெட்டுக்கு நாலு நாள் முன்னால் மாதிரி எடுத்து, தழையில் பூச்சிமருந்து மிச்சம் நிற்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புவோம், தேறினால்தான் வண்டி வரும் என்றும் சொல்லியிருந்தார். நான்தான் அந்தப் பாதியைக் காதில் வாங்கவில்லை.

"அளவாத்தான தம்பி அடிச்சேன்? லிட்டருக்கு ரெண்டு மில்லி. அடிச்சு இருவது நாளாச்சே" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நாலு பக்கம், நெடுக மருந்துகளின் பேர். முக்கால்வாசிக்கு எதிரே 'பி.எல்.க்யூ' என்று இருந்தது. கருவி அளந்து சொல்லும் அளவுக்குக் கீழே என்று அர்த்தமாம். இரண்டு வரி மட்டும் தடித்த எழுத்தில். புரொபனோபாஸ் 1.4. குளோர்பைரிபாஸ் 0.06. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு.

0.06 எல்லாம் ஒரு அளவா என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்துக் கட்டத்தில் அதற்கான எல்லை 0.01 என்று இருந்தது. மகனை விட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். பத்து டன் ஏற்றிய லாரி பத்து. அந்த நூறு டன் தழைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம். அதற்கு மேல் இருந்தால் சரக்குத் திரும்பும். நான் அதைப்போல ஆறு மடங்கில் நின்றேன். குளோர்பைரிபாஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அதே வருசம் நவம்பரிலிருந்து எந்த விளைபொருளாக இருந்தாலும் 0.01தான் என்று இறக்கியும் விட்டது. நானோ அதைக் கரையானுக்கென்று வாங்கி, மிச்சம் இருந்ததைத் தழைக்கும் சேர்த்து அடித்திருந்தேன்.

அந்த வெட்டு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். உள்ளூர் வியாபாரி எடுத்துக்கொண்டார். அவர் ரிப்போர்ட் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

அன்று சாயங்காலம் சாளையில் இருந்த மருந்து டப்பா எல்லாவற்றையும் திண்ணையில் பரப்பினேன். புரொபனோபாஸ் பாட்டிலோடு ஒட்டியிருந்த மடிப்புத் தாளைப் பிரித்தால், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடி போட்டும் தெரியாமல் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். பயிர்: பருத்தி. பூச்சி, அளவு, காத்திருக்க வேண்டிய நாள் எல்லாம் இருந்தன. கறிவேப்பிலை என்ற சொல் எங்கேயும் இல்லை. அடுத்த டப்பா, அதற்கடுத்தது, எதிலும் இல்லை. பதினைந்து வருசமாக இந்த டப்பாக்களைத்தான் திறந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

பரிதாபாத்தில் மத்திய பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக் குழுவும் இருக்கின்றன. 1968-ஆம் வருசச் சட்டப்படி அங்கே ஒவ்வொரு மருந்தையும் பயிர் பேர் சொல்லித்தான் பதிகிறார்கள். பருத்தியில் அடித்து, நாள்கணக்கில் சோதித்து, இத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதுவது பருத்திக்கு. எவ்வளவு மருந்து நிற்கலாம் என்ற எல்லையை வைப்பது இன்னொரு அமைப்பு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். எல்லை வைக்காத மருந்துக்கு அங்கேயும் பொதுவாக அந்த 0.01தான். நான் லிட்டருக்கு ரெண்டு மில்லி என்று பெருமையாகச் சொன்னது மாட்டுக்குச் சொன்ன வைத்தியத்தை ஆட்டுக்கு அளவு தவறாமல் செய்த கதை. அதிலும் கறிவேப்பிலை மெல்லிய இலை. எடைக்குப் பார்த்தால் மருந்து படுகிற பரப்பு அதிகம். பருத்தியில் பஞ்சை எடுக்கிறோம், இதில் மருந்து பட்ட இலையையே சாப்பிடுகிறோம்.

மருந்துக்கடையில் போய்க் கேட்டேன். "கறிவேப்பிலைக்குன்னு தனியா ஏதுங்க? எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. சோதனைக்குச் செலவு செய்வது மருந்துக் கம்பெனி. நெல்லுக்கும் பருத்திக்கும் செய்தால் போட்ட காசு வரும். கறிவேப்பிலைக்கு யார் செய்வார்கள்? இதை அடிக்காதே என்பதற்குச் சட்டம் இருக்கிறது, வேறு எதை அடிப்பது என்று கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்குகிறார்கள். பழைய கையேடுகளில் டைமெத்தோயேட் என்று இருக்கும். ஐரோப்பா அதற்கும் 2019-லேயே கதவைச் சாத்திவிட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. 2006-ஆம் வருச உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்குப் பொருந்தாது என்று அதன் 18-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. விற்கிறவரைத்தான் பிடிக்கும். ஆகவே எங்கள் தோட்டத்துக்கு அதிகாரி யாரும் வரப்போவதில்லை. சட்டம் எங்களிடம் வருவது வியாபாரி வழியாக, 'உன் சரக்கு வேண்டாம்' என்ற உருவத்தில். 2015-ல் கேரளாவில் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து என்று கிளம்பியபோதும் இப்படித்தான், கறிவேப்பிலை பேரும் சேர்ந்து அடிபட்டது. அப்போது நாங்கள் வாளையாறு செக்போஸ்ட்டைத்தான் திட்டினோம்.

முக்கோண நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை முக்கோணம் போட்ட மருந்து, பயப்படாமல் அடிங்க என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் அந்த மருந்து உள்ளே போனால் ஆளை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கான அடையாளம். இலையில் எத்தனை நாள் நிற்கும் என்பதை அந்த நிறம் சொல்லாது.

அடுத்த வெட்டுக்கு ரசாயனம் தொடவில்லை. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து ஐந்து சதவீதக் கரைசல், செதில் பூச்சிக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு. கொழுந்து கொஞ்சம் சுருளத்தான் செய்தது. கூடவே ஒருத்தர் கொடுத்த 'மூலிகை' பாட்டில் ஒன்றையும் இரண்டு தடவை அடித்தேன். நல்ல வேலை செய்தது. அவ்வளவு நன்றாக வேலை செய்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை மாதிரியை நானே எடுத்தேன். ஒரே இடத்தில் பறிக்கக் கூடாது. தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பன்னிரண்டு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் ஒரு கிலோ. கழுவக் கூடாது. உரச்சாக்கு, மருந்துக் கவர் கிட்டேயே வரக் கூடாது, புதுப் பாலித்தீன் பைதான். தேதியும் வயல் பேரும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்தேன். வரியோடு ஆறாயிரத்துச் சொச்சம்.

அங்கே வேலை செய்கிற பெண், "உள்ள வந்து பாக்கறீங்களாங்க?" என்று கேட்டது. தழையை உலர்பனி போட்டு அரைத்து, அதில் பத்தே பத்துக் கிராமை ஒரு குழாயில் எடுத்தார்கள். அசிட்டோநைட்ரில் என்ற திரவத்தை விட்டு, உப்புப் போட்டு, ஒரு நிமிசம் குலுக்கிச் சுழல்கருவியில் வைத்தார்கள். வெளியே வந்த சாறு கீரை கடைந்த தண்ணீர் மாதிரி கரும்பச்சை. அதில் கொஞ்சத்தை வேறு குழாயில் விட்டு, அடுப்புக்கரி போலக் கறுத்த பொடி ஒன்றைச் சேர்த்து மறுபடி சுழற்றியதும் பச்சை முழுக்கப் பொடியோடு அடியில் இறங்கி, மேலே கிணற்றுத் தண்ணீராக நின்றது. "இலையோட பச்சைய எடுத்துட்டோம்ங்க. மருந்து இருந்தா இதுக்குள்ளதான் இருக்கும்" என்றது. அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ரிப்போர்ட் வந்தது. புரொபனோபாஸ் இல்லை, குளோர்பைரிபாஸ் இல்லை. இமிடாகுளோப்ரிட் என்ற இன்னொரு ரசாயனப் பூச்சிமருந்து இருந்தது. என் ஆயுசில் நான் அதை வாங்கினதில்லை. அந்த மூலிகை பாட்டிலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முக்கோணம் இல்லை, பதிவு எண் இல்லை, தயாரித்தவர் முகவரி பாதி அழிந்திருந்தது. உயிரியல் பூச்சிக்கொல்லிக்கும் அதே சட்டத்தில் பதிவு வேண்டும் என்று தோட்டக்கலை அலுவலகத்து மேடம் அப்புறம்தான் சொன்னார். பாட்டிலில்தான் இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், அதைச் சோதிக்க இன்னொரு ஆறாயிரம் என்னிடம் இல்லை. கொடுத்தவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

பவர் ஸ்ப்ரேயர் மேலும் கண் வைத்தேன். வாடகைக்கு வருவது, முந்தின நாள் எவர் தோட்டத்தில் என்ன அடித்ததோ, டேங்கின் அடியிலும் ஓஸிலும் அது கொஞ்சம் நிற்கும். நாலாயிரத்துக்கு ஒரு கைத்தெளிப்பான் வாங்கி, கறிவேப்பிலைக்கு மட்டும் என்று மேலே பெயின்ட்டில் எழுதி வைத்தேன். பதிவு எண் பார்த்து, பில் கேட்டு வாங்குகிறேன். துண்டுச்சீட்டில் 'மருந்து' என்று எழுதித் தந்த காலம் போயிற்று. கடைக்காரருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது தடவை தை மாத வெட்டு. நாலு பக்கமும் பி.எல்.க்யூ. தம்பி போனில், "சுத்தமா இருக்குதுங்ணா, நாளைக்கு வண்டி வருதுங்க" என்றான். அதற்குள், கிலோவுக்குக் கூடத் தருகிறேன் என்ற பன்னிரண்டு ரூபாய் எட்டு ரூபாயாக இறங்கியிருந்தது. இரண்டு வெட்டு நஷ்டம், ஆய்வகச் செலவு எல்லாம் கூட்டினால் இந்த வருசம் கையில் ஒன்றும் நிற்காது. அம்மா கணக்கைக் கேட்டுவிட்டு, "மருந்து நிக்கல, காசும் நிக்கலயா?" என்று சிரித்தாள்.

மேற்கோரம் நாலு வரிசைதான் இன்னும் தீரவில்லை. அந்தப் பக்கம் சித்தப்பா முறை ஆகிறவரின் மக்காச்சோளம். படைப்புழு வந்ததிலிருந்து அவருக்கு அடிக்காமல் முடியாது. ஆடிக் காத்தில் எல்லாம் எங்கள் பக்கம்தான் வந்து விழும். சண்டை போடவில்லை, சொல்லிவிட்டு அடிங்க என்று மட்டும் கேட்டேன். அடிக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரி போன் வரும். "நாளைக்கு வெடியால அடிக்கறேன் கண்ணு, உன்ற வரிசையப் பார்த்துக்க" என்பார். நோட்டில் தேதியைக் குறித்துக்கொள்வேன். அந்த நாலு வரிசையைத் தனியாக வெட்டித் தனியாகத்தான் கட்டுகிறோம். அது ஏற்றுமதி வண்டியில் ஏறுவதில்லை. உள்ளூர் வியாபாரி எடுத்துக்கொள்கிறார்.