கரேம்: மொரீஷியஸில் எங்கள் முதல் தவக்காலம்

மொரீஷியஸுக்கு வந்து நான் கற்றுக்கொண்ட முதல் கிரியோல் வார்த்தைகளில் ஒன்று 'கரேம்'. கிரியோல் என்பது பிரெஞ்சிலிருந்து பிறந்த, இந்தத் தீவின் பேச்சுமொழி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது நம்முடைய தவக்காலம்தான். சாம்பல் புதனில், அதாவது திருநீற்றுப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை போகும் நாற்பது நாள் நோன்பு. ஆனால் அந்த வார்த்தையை எனக்குச் சொல்லித்தந்தவர் கிறிஸ்தவர் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, முருக பக்தர்.

2020 ஜனவரி கடைசியில் ஒரு நாள் மீன் வறுத்திருந்தேன். தூத்துக்குடிக்காரி வீட்டில் மீன் வறுத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டாவது போகாமல் இருக்காது. தட்டோடு மதில் பக்கம் போய் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி, "மோ பே ஃபேர் கரேம்" என்றார். எனக்கு ஒரே குழப்பம். திருநீற்றுப் புதனுக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது, இந்த அம்மா எப்படித் தவக்காலம் இருக்கிறார்?

அப்புறம் மகளின் பள்ளியில் ஒரு டீச்சர் விளக்கினார். தைப்பூசக் காவடிக்கு இங்குள்ள தமிழர்கள் பத்து நாள் இருக்கும் விரதத்துக்கும் கரேம் என்றே பெயர். மகா சிவராத்திரிக்கு கிராண்ட் பாசேன் ஏரிக்கு நடந்து போகிறவர்களின் விரதமும் கரேம். கத்தோலிக்கர் இருப்பதும் கரேம். யார் இருந்தாலும், எந்தச் சாமிக்கு இருந்தாலும், நாக்கை அடக்கி இருப்பதற்கு இந்தத் தீவில் ஒரே பெயர்.

நாங்கள் வந்தது 2019 டிசம்பரில். கணவருக்கு எபேனில் வேலை, வீடு ரோஸ் ஹில்லில். தலைநகர் போர்ட் லூயிக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கிய புதிது. மகளுக்கு அதில் ஏறுவதே பெரிய கொண்டாட்டம். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். எட்டு வயதுக்காரியை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் சேர்த்தோம். புத்தகம் ஆங்கிலத்தில், டீச்சர் பேசுவது பாதி பிரெஞ்சில், பிள்ளைகள் விளையாடுவது முழுக்க கிரியோலில். முதல் இரண்டு வாரம் பிள்ளை மௌனமாகவே வீட்டுக்கு வந்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிடும், அவளுக்குத் தெரியாமல் துடைத்துக்கொள்வேன். ஒரு நாள் கடையில் மீதிச் சில்லறையாக வந்த ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல தமிழ் எழுதியிருக்கு!" என்று கத்தினாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்த ஊர் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள் என்று நினைக்கிறேன்.

கத்தோலிக்கப் பள்ளி என்றால் ஊரில் நான் படித்த கன்னியர் பள்ளி மாதிரி இருக்கும் என்று எண்ணியிருந்தேன். வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். தமிழ் வகுப்பு தனியாக உண்டு. தாத்தாவின் தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் 'அ'வன்னாவைச் சித்திரம் வரைவது போல மெதுவாக, அழகாக எழுதுவார்கள். பேசத் தெரியாது. ஆனால் "வணக்கம் மிஸ்" மட்டும் அத்தனை சுத்தமாக இருக்கும்.

பிப்ரவரி 8 தைப்பூசம். பொது விடுமுறை. பக்கத்து வீட்டு அம்மா எங்களைக் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனார். 21-ம் தேதி சிவராத்திரி. 26-ம் தேதி எங்கள் திருநீற்றுப் புதன். மூன்று வாரத்துக்குள் மூன்று கரேம். அன்று மகள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு தெருவில் வந்தபோது அந்த அம்மா மதிலுக்கு அப்பால் நின்று, எந்தக் கோயில் விபூதி என்று கேட்டார். மாதா கோயில் விபூதி என்றாள் மகள். இருவருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நாமே தமிழில் அதைத் 'திருநீறு' என்றுதானே சொல்கிறோம்?

பள்ளியில் தவக்காலத்துக்கு இரண்டு வேலை நடந்தது. நுழைவாசலில் ஒரு பெரிய பிரம்புக் கூடை. பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் அரிசியோ, பருப்போ, பால்பவுடர் டின்னோ, எது முடிகிறதோ கொண்டுவந்து போடலாம். ஈஸ்டருக்கு முன் எங்கள் மாதா கோயில் பங்கில், அதாவது அந்த ஆலயத்தைச் சேர்ந்த வட்டாரத்தில், கஷ்டப்படும் வீடுகளுக்குப் போகும். இரண்டாவது, சிலுவைப்பாதை: இயேசு சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு காட்சிகளாக நினைத்து ஜெபிப்பது; ஒவ்வொரு காட்சியும் ஒரு ஸ்தலம். பதினான்கு ஸ்தலங்களையும் பிள்ளைகளே வரைந்து நடைவழிச் சுவரில் மாட்டுவது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் மகளுக்கு வந்தது ஆறாம் ஸ்தலம்: வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிறாள். ஐந்தாவது, சீமோன் சிலுவை தூக்க உதவுவது, ஒரு முஸ்லிம் பெண்பிள்ளைக்கு. அவளுடைய அம்மாவும் நானும் வாசலில் நின்று, சீமோனுக்கு எந்த நிறத்தில் சட்டை போடலாம் என்று பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அதுதான் பள்ளி வாசலில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி.

மார்ச் 18, புதன்கிழமை. படங்கள் எல்லாம் மாட்டி முடித்த நாள். அன்று இரவு தீவில் முதல் மூன்று பேருக்குக் கொரோனா என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாளே பள்ளிகள் மூடின. 20-ம் தேதி ஊரடங்கு. பொதுப் பூசைகளும் நின்றன. 24-ம் தேதி நடந்ததுதான் எங்களைக் கலங்கடித்தது: சூப்பர் மார்க்கெட், சின்னக் கடை, ரொட்டிக்கடை எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். மறுநாள் இந்தியாவிலும் ஊரடங்கு. விமானம் கிடையாது. என் அம்மா தூத்துக்குடியில் தனியாக. போனில் அவள் கேட்டதெல்லாம், "அரிசி இருக்கா? பிள்ளை சாப்டுச்சா?"

அரிசி இருந்தது. பருப்பு கொஞ்சம். காய்கறி மூன்று நாளில் தீர்ந்தது. அப்போது எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு முருங்கைமரம். முருங்கைக்கீரைக்கு இங்கே 'பிரேத் மூரூம்' என்று பெயர். மூரூம் நம் முருங்கையேதான். தமிழ் மறந்துபோன வாயிலும் அந்த ஒரு சொல் விடாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரசத்துக்கு 'ரசோன்'. அந்த அம்மா காலையில் ஒரு கொத்துக் கீரை ஒடித்து மதில்மேல் வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று, "மோ ஃபி!" (என் மகளே) என்று கூப்பிடுவார். நான் போய் எடுத்துக்கொண்டு, வேறு ஏதாவது வைத்துவிட்டு, நானும் நாலடி பின்னால் போய் நிற்பேன். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது, சர்க்கரை வேறு. பிள்ளைகள் பிரான்சில். பார்த்துக்கொண்டு நின்றால் போதும் என்பது போல இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்போம்.

ஊரில் தவக்கால வெள்ளி என்றால் சுத்தபோசனம், வீட்டில் கவுச்சி கிடையாது, மாலையில் சிலுவைப்பாதை. அந்த மார்ச்சில் எல்லா நாளும் வெள்ளிக்கிழமையாக இருந்தது. கீரை, சோறு, ரசம். ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) இருக்கிறேன் என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லாமல் போனது. 27-ம் தேதி, இங்கே இரவு ஒன்பது மணிக்கு, மழையில் நனைந்த, ஆளில்லாத வத்திக்கான் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்ததைக் கைப்பேசியில் பார்த்தோம். ஆறு மாதத்துக்கு முன்புதான் அவர் போர்ட் லூயிக்கு வந்து பூசை வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மா அதற்கும் போயிருந்தார். செப்டம்பர் ஆனால் செந்த் குருவாவில் பேர் லவால் என்ற கத்தோலிக்கக் குருவின் கல்லறைக்கும் போவார். அதே செந்த் குருவாவில்தான் கைலாசன் கோயிலும் இருக்கிறது, ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்பார்.

ஏப்ரல் 2-ம் தேதி கடைகள் திறந்தன. குடும்பப்பெயரின் முதல் எழுத்துப்படி நாள். ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், மற்றவர்களுக்குப் புதனும் சனியும். வீட்டுக்கு ஒருவர், உள்ளே அரை மணி நேரம், முகக்கவசம் கட்டாயம். இதில்தான் தமிழர்களாகிய எங்களுக்கு ஒரு சிக்கல். நமக்கு ஏது குடும்பப்பெயர்? கணவருடைய பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது மாமனார் பெயர், எஸ் எழுத்து. என்னுடையதில் இருப்பது கணவர் பெயர், ஏ எழுத்து. ஒரே வீட்டில் இரண்டு எழுத்து, வாரத்தில் நான்கு நாள்! கணக்குப் பார்த்தால் லாபம்தான். ஆனால் தெருவில் எல்லோரும் இரண்டு நாளோடு நிற்கும்போது நாங்கள் மட்டும் நான்கு முறை போய் நிற்க மனம் ஒப்பவில்லை. தவக்காலத்தில் வேறு.

முதல் நாள் வியாழன், ஏ எழுத்து. நான் போனேன். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரிசை. என் அட்டையைப் பார்த்த காவலாளி, இது உங்கள் கணவரின் முதல் பெயர் அல்லவா, குடும்பப்பெயர் எது என்று கேட்டார். இதுதான் என்றேன். நம்பவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் வரிசையில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் முன்னால் வந்து, இந்தியாவிலிருந்து வரும் தமிழர்களுக்கு இப்படித்தான் பெயர் இருக்கும் என்று கிரியோலில் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார். அவர் தன் முறையை விட்டு வந்து பேசினார். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மட்டும்தான் பார்த்தேன், நன்றி சொல்லவும் நேரமில்லை.

எங்களுக்கு வியாழன் போதும் என்று அன்று இரவே பேசி முடித்தோம். பக்கத்து வீட்டு அம்மாவின் குடும்பப்பெயர் வி எழுத்து, என் கணவருடைய அதே புதனும் சனியும். அதனால் எஸ் எழுத்தை அவருக்குக் கொடுத்துவிட்டோம். அவர் சீட்டில் எழுதி மதில்மேல் கல்லுக்கு அடியில் வைப்பார்; சனிக்கிழமை கணவர் அவருக்காக மட்டும் போய் நின்று வாங்கி வந்து அதே இடத்தில் வைப்பார். அடுத்த ஆண்டும் தவக்காலத்திலேயே, 2021 மார்ச் 10-ல், மறுபடி ஊரடங்கு வந்தது. அப்போதும் மதிலும் சீட்டும் இப்படியே ஓடின.

பள்ளிக் கூடை என்ன ஆயிற்று என்று கவலையாக இருந்தது. பூட்டிய பள்ளிக்குள் அரிசியும் பருப்பும் சும்மா கிடந்தன. தலைமையாசிரியை அனுமதி வாங்கி, ஒருநாள் காலை பங்குத்தந்தையோடு போய்த் திறந்து வீடு வீடாகச் சேர்த்தார்களாம். படங்களை எடுக்க நேரமில்லை. அதனால் புனித வெள்ளிக்குப் பிள்ளைகள் அதே ஸ்தலத்தை வீட்டிலிருந்து மறுபடி வரைந்து அனுப்ப வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, வெரோணிக்கா தொட்டாளே, அவளுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளுக்குப் பயமில்லை, அன்பு இருந்தது என்றேன். தலையை ஆட்டினாள், ஆனால் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வரைந்து முடித்து நீட்டினாள். ஒரு பக்கம் சிலுவையோடு இயேசு. இன்னொரு பக்கம் நாலடி தள்ளி வெரோணிக்கா. நடுவில் ஒரு மதில். மதில்மேல் மடித்து வைத்த வெள்ளைத் துணி, பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு கல். பின்னால் ஒரு முருங்கைமரம்.

ஏப்ரல் 10, புனித வெள்ளி. மாலை மூன்று மணிக்குக் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தோம். ஒவ்வொரு ஸ்தலமாகப் படம் வந்தது. சில வீடுகளில் பிரெஞ்சில் ஜெபம், சில வீடுகளில் கிரியோலில். சீமோனுக்குப் பச்சைச் சட்டை. ஆறாவதில் மகள் தமிழில் சொன்னாள், "உம்மை ஆராதித்து வணங்குகிறோம்." மதிலுக்கு அப்பாலிருந்து அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஊர் வழக்கப்படி கஞ்சி காய்ச்சி, ஒரு தூக்கில் ஊற்றி மதில்மேல் வைத்தேன். அன்று அவரும் கரேம் இருந்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை, அவராகவே.

முதல் அலை முடிந்தபோது தீவில் தொற்று கண்டவர்கள் 332 பேர் என்று கணக்கு, இறந்தவர்கள் 10 பேர். ஜூலை 1-ம் தேதி பள்ளி திறந்தது. அன்று மாலை மகள் பையிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றை எடுத்தாள். நடைவழியில் மூன்றரை மாதமாகத் தொங்கிய பழைய படம், ஓரம் ஈரத்தில் நெளிந்திருந்தது. அதில் மதில் இல்லை. வெரோணிக்காவின் இரண்டு கையும் இயேசுவின் கன்னத்தில் இருந்தன.

இரண்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனோம். அன்றுதான் முதல் தடவையாக மதிலைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போனது. பாட்டிக்கு எது வேண்டும் என்று மகள் கேட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மதில் இருந்த படத்தை எடுத்து, பூஜை அறையில் முருகன் படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார்.