ஏழு மணிக்குச் செத்துப் பிழைக்கும் கேட் கேமரா

வீட்டில் மாட்டிய நாலு கண்காணிப்பு கேமராவில் மூன்று ஒழுங்கு. கேட்டுக்கு மேலே இருப்பது மட்டும் பகலெல்லாம் நன்றாக ஓடிவிட்டு, ஏழு மணி ஆனதும் படம் போகும், ஒரு நிமிடத்தில் வரும், மறுபடி போகும். கேமராவைத்தான் முதலில் திட்டினேன். கழற்றி இடம் மாற்றிப் போட்டால் நல்ல கேமராவும் கேட்டில் அதே ஆட்டம் ஆடியது.

கேட் வரை 35 மீட்டர். மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று விலை குறைந்த கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிள் வாங்கி, 12 வோல்ட் அடாப்டரின் கரண்டையும் அதிலேயே, உள்ளே இருக்கும் நாலு ஜோடிக் கம்பிகளில் நீலம், பிரவுன் ஜோடிகளில் அனுப்பியிருந்தேன். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்ததால் கேபிள்மேல் சந்தேகமே வரவில்லை. கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும் என்பது பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் மல்டிமீட்டரோடு ஏணியில் ஏறி கேமரா முனையில் வைத்தேன், வெளிச்சம் இருக்கும்வரை 10.3 வோல்ட். இருட்டி, ராத்திரியில் படம் எடுக்க கேமராவிலேயே இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்த நொடியில் 8.6, கேமரா அவுட். விளக்கு அணைந்ததும் வோல்டேஜ் ஏறுகிறது, கேமரா எழுந்திருக்கிறது, திரும்ப விளக்கைப் போடுகிறது!

மீந்த துண்டைப் பிளேடால் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்பு முலாம் பூசிய இந்த சிசிஏ கம்பிக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், போதாததற்குக் கம்பியும் மெலிசு. எலக்ட்ரீஷியன் அண்ணன் கேபிளைக் கையில் தூக்கிப் பார்த்து, "பூ மாதிரி இருக்கே தம்பி, வாங்கும்போதே தெரியலையா?" என்றார். தெரியவில்லைதான்.

இந்தத் தடவை முழுச் செம்பு, வெயில் தாங்கும் கருப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள், கூடவே நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டையும் முறைப்படி அனுப்பும் ஒரு பிஓஇ (PoE) ஸ்விட்ச். கேமராவிலேயே பிஓஇ இருந்தும் நான் பயன்படுத்தாமல் விட்டிருந்தேன். 48 வோல்ட்டில் போகும்போது அதே வாட்டுக்குக் கால் பங்கு கரண்ட் போதும், வழியில் வோல்டேஜ் இழப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டிப் பைப்புக்குள் இழுத்தேன், வளைவில் சிக்கி ஒரு மணி நேரம் போனது. கடைசியில் முட்டி வளைவை அறுத்து எறிந்து அங்கே ஜங்ஷன் பாக்ஸ் வைத்தோம். கேட் லைட்டின் 230 வோல்ட் ஒயரும் அதே பைப்பில்தான் இருந்தது, பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அதைத் தனிப் பைப்புக்கு மாற்றியாகிவிட்டது. கேமராவுக்குக் கீழே கேபிளை ஒரு சாண் தொங்கவிட்டு மேலே ஏற்றினேன், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேபிள் முனையில் ஜாக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங்கில் மூன்று ஜாக் வீண், எல்லாம் பச்சை ஜோடியின் இரண்டு கம்பிக்கு நடுவே நீல ஜோடி வரவேண்டிய இடத்தில் செய்த தப்பு.

ஒன்பது ராத்திரி கடந்தாயிற்று, ஒருமுறைகூட அணையவில்லை. மற்ற மூன்றும் பழைய கேபிளில்தான் ஓடுகின்றன, பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் என்பதால் தாக்குப்பிடிக்கின்றன. வரும் ஞாயிறு கொல்லைப்புறக் கேபிளை மாற்றப் போகிறேன்.