இரண்டு மில்லிமீட்டர் காந்தாரம்

2.6.2024, சுங்கை சிப்புட், மலேசியா

ஈப்போவிலிருந்து ஞாயிறுதோறும் வரும் டீச்சர், இன்று கோயில் மண்டப வகுப்பு முடிந்த பின் என்னை மட்டும் இருக்கச் சொல்லி, மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசையை (ச ரி க ம என்று ஏறி இறங்கும் தொடக்கப் பாடம்) முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், வயலினில் வாசிக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "காந்தாரம் கொஞ்சம் ஏறி நிற்கிறது அண்ணே, வீட்டில் நிதானமாகப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். ஏழு சுரங்களில் மூன்றாவதான 'க' இருக்க வேண்டியதைவிடச் சற்று உயர்ந்து ஒலிக்கிறது என்று பொருள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயலினைத் தொட்ட நாளிலேயே, கைப்பேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியை வைத்து ஒவ்வொரு சுரத்துக்கும் விரற்பலகையில் டேப் ஒட்டியவன் நான். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணிக்கு அளவு தவறுமா என்ற எண்ணம் உள்ளே இருந்தது.

5.6.2024

நேற்றும் இன்றும் வேலை முடிந்து வந்து, தம்பூரா ஒலியைத் தரும் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு காந்தாரத்தை மட்டும் நீள வில்லில் இழுத்துப் பார்த்தேன். பிழை எதுவும் காதில் படவில்லை. செயலியிலும் பச்சை விளக்குதான் எரிந்தது.

7.6.2024

கைப்பேசியைச் சுருதிப்பெட்டிக்கு அருகில், என்னிடமிருந்து நான்கடி தள்ளி வைத்துப் பதிவு செய்து, சாப்பிட்ட பின் கேட்டேன். ஷட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) தம்பூரா ஒலிக்குள் கரைந்துபோகின்றன. காந்தாரம் வந்தவுடன் ஒலி மெல்ல அலையடிக்கிறது, சாலையில் ஓட்டை விழுந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நடுங்குவதைப் போல.

வாசிக்கும்போது இது ஏன் கேட்கவில்லை என்பதும் இப்போது விளங்குகிறது. வயலின் என் இடது காதுக்குக் கீழேயே இருக்கிறது. அதன் ஒலி சுருதிப்பெட்டியை மூடிவிடுகிறது. மேல் ஷட்ஜத்தைப் பிடித்தால் சும்மா இருக்கும் ஷட்ஜத் தந்தி தானாக அதிரும், பஞ்சமத்தைக் கீழ்த் தந்தியில் பிடித்தால் பக்கத்துப் பஞ்சமத் தந்தி அதிரும்; விரல் பிசகினால் அந்த அதிர்வு நின்று நம்மை எச்சரிக்கும். காந்தாரத்துக்கு அப்படிச் சாட்சி சொல்லத் தந்தி கிடையாது. சரளி வரிசையின் ஓட்டத்தில் ஒரு சுரம் ஒரு நொடிகூட நிற்பதில்லை என்பதால் அலை தெரிவதற்குள் மத்திமம் (ம) வந்துவிடுகிறது.

9.6.2024

டீச்சரிடம் பதிவைக் காட்டினேன். அவர் தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மட்டும் மீட்டிக் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த ஒற்றைத் தந்திக்குள்ளேயே மெல்லியதாக ஒரு காந்தாரம் கேட்டது. சுயம்பு காந்தாரம் என்று படித்திருக்கிறேன், கேட்டது இன்றுதான். நான் டேப் ஒட்டிய இடம் அதுவல்ல.

வீட்டுக்கு வந்து அடிக்குச்சியை எடுத்தேன். என் வயலினில் மேல் முனையிலிருந்து குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) வரை தந்தி 325 மில்லிமீட்டர். இந்த ராகத்தில் வருவது அந்தர காந்தாரம்; தம்பூராவோடு இணையும்போது அதன் அதிர்வெண் ஷட்ஜத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. ஆகவே தந்தியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும்: 65 மில்லிமீட்டரில் விரல் விழ வேண்டும். என் டேப் 67-இல் இருந்தது. செயலி தவறு செய்யவில்லை. அது ஸ்தாயியை (ஒரு ஷட்ஜத்திலிருந்து அடுத்த ஷட்ஜம் வரையுள்ள இடைவெளியை) கீபோர்டைப் போல 12 சம பாகங்களாகப் பிரித்து அளக்கிறது, அந்தக் கணக்கில் காந்தாரம் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் விழும். அளவுகோலே வேறு என்று நான் யோசிக்கவில்லை. காந்தார டேப்பை ஷட்ஜத் தந்திக்கும் பஞ்சமத் தந்திக்கும் குறுக்காக ஒட்டியிருந்ததால் பஞ்சமத் தந்தியில் அதே இடத்தில் விழும் காகலி நிஷாதமும் (நி) அதே அளவு ஏறியிருந்திருக்கிறது. ஒரு டேப், இரண்டு பிழைகள், இரண்டு வருடங்கள்.

12.6.2024

அக்காள் மகள் பயிற்சிக்கு வந்தாள். ஆறு மாதமாக அவளுக்கு நான்தான் ஆரம்பப் பாடம் சொல்லித் தருகிறேன். அவள் வயலினுக்கு டேப் ஒட்டியதும் நான். அவள் காந்தாரத்தைத் தொட்டதும் பல் கூசியது. என் கையில் கேட்காத அதே ஏற்றம் அவள் கையில் முதல் ஆவர்த்தனத்திலேயே கேட்டது. டேப்பைப் பிரித்தபோது, "மாமா, இனி எதைப் பார்த்து வாசிப்பது?" என்றாள். சுருதிப்பெட்டியை அவளுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

16.6.2024

என் டேப்புகளையும் எடுத்துவிட்டேன். பசைக்கறையைத் துணியால் துடைத்தும் கோடு தெரிகிறது, கண் அங்கேயே போகிறது. ஆகவே இரவில் மின்விளக்கை அணைத்துவிட்டு வாசிக்கிறேன். வரிசைகளை இந்த வாரம் தொடவே இல்லை. ஷட்ஜம், காந்தாரம், ஷட்ஜம். ஒவ்வொன்றும் ஒரு முழு வில். அலை அடங்கும் வரை விரலை நகர்த்தி, அடங்கிய இடத்தில் நான்கு எண்ணிக்கை நின்று, விரலை முழுவதுமாக எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். எடுக்காமல் சரிப்படுத்திக்கொண்டே இருந்தால், தவறாக வைத்துப் பிறகு நகர்த்துவதையே விரல் பாடமாக எடுத்துக்கொள்ளும் என்று டீச்சர் சொன்னது உண்மை. மூன்று நாள் அப்படித்தான் வீணாக்கினேன்.

24.6.2024

முதற்காலத்தில் பத்துப் பதிவுகள் எடுத்தேன். பத்திலும் காந்தாரம் அலையின்றி நிற்கிறது. இரண்டாம் காலத்தில் பத்தில் நான்கில் விரல் பழைய இடத்துக்கே போகிறது. அவரோகணத்தில் மட்டும், மத்திமத்திலிருந்து இறங்கும்போது மட்டும். ஏறும்போது சரியாக இருக்கிறது. மத்திமத்துக்கு மூன்றாம் விரலை வைக்கையில் இரண்டாம் விரலும் அதோடு சேர்ந்து மேலே இழுபடுகிறதோ என்று சந்தேகம். நாளை ம-க, ம-க என்று இரண்டு சுரங்களை மட்டும் பதிவு செய்து பார்க்க வேண்டும்.